மருந்துக்குள் இருந்தவளின் பெயர்

ஓய்வு பெற்றவர்கள் நிம்மதியாக இருப்பார்கள் என்று யார் கிளப்பிவிட்டார்களோ தெரியவில்லை. எனக்கு ஓர் இடத்தில் உட்காரவே வரவில்லை. சேலம் அஸ்தம்பட்டியில் மகள் வீட்டு மாடியில் காலையில் நாற்காலியைக் கிழக்கே போடுகிறேன், வெயில் ஏறினால் மேற்கே போடுகிறேன், பிறகு அதை அப்படியே விட்டுவிட்டுக் கீழே இறங்கி யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று பார்க்கிறேன். "என்ன மாமி, டூட்டிக்கு நேரமாச்சா?" என்று மருமகன் கிண்டல் செய்கிறார். ஆடிய காலும் பாடிய வாயும் என்பார்களே, ஊசி போட்ட கையையும் அதில் சேர்த்துக்கொள்ளலாம்.

போன வாரம் என்னிடம் வேலை பழகிய நர்ஸ் ஒருத்தி போனில் கூப்பிட்டாள். "அக்கா, ஒருத்தரு நாய்க்கடி ஊசில கொரங்கு இருக்குதாம்னு சொல்லிப் போட்டுக்க மாட்டேங்கறாருங்க. அது சும்மா பேருதான், கொரங்கெல்லாம் இல்லைன்னு சொல்லிரட்டுங்களா?"

"பொய் சொல்லாதே. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகு மனசு ஆறவில்லை. ஏன் சொல்லக் கூடாது என்பதை அவளுக்குச் சொல்லவே இல்லையே. போனில் சொல்லி முடிகிற சங்கதியும் இல்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

என் பெயர் மெகர், சேலத்துக்காரி. அத்தாவுக்குக் கடைவீதியில் பாத்திர வியாபாரம். பொம்பளைப் பிள்ளை ஆஸ்பத்திரியில் ராத்திரி டூட்டி பார்ப்பதா என்று உறவில் பெரிய ரகளை நடந்தது. அத்தா மட்டும் ஒற்றை ஆளாக நின்று என்னை நர்ஸ் படிப்பில் சேர்த்துவிட்டார். அந்தப் படிப்புக் காலத்தில் படித்ததில் பாதி மறந்துவிட்டது. ஒரு பெண்ணின் முகம் மட்டும் மறக்கவில்லை. நாய் கடித்து, மந்திரித்துக் கயிறு கட்டிக்கொண்டு, ஒரு மாதம் கழித்து வந்தவள். தண்ணீர் டம்ளரை நான் நீட்டியதும் கட்டிலின் மறு ஓரத்துக்குப் போய்ச் சுருண்டுகொண்டாள். மின்விசிறிக் காற்று பட்டாலே தொண்டை இழுத்தது. புத்தி மட்டும் தெளிவாக இருந்தது, அதுதான் கொடுமை. "தாகமா இருக்குது, ஆனா காட்டாதீங்க" என்றாள். அந்த நோய் வந்துவிட்டால் பிழைக்க வைக்க மருந்து இல்லை. வராமல் தடுக்கத்தான் மருந்து. அன்றைக்கு எனக்குள் ஏறிய பயம் ஓய்வு பெறும் நாள் வரை இறங்கவில்லை.

நான் கடைசியாக வேலை பார்த்தது நாமக்கல் போகும் வழியில், புதுச்சத்திரம் பக்கத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில். அங்கே டாக்டராக இருந்தவரைக் கஸ்தூரியம்மா என்றுதான் எல்லோரும் சொல்வோம். ஆத்தூர்க்காரர். அதிகம் பேச மாட்டார், சிரிப்பதற்கும் நல்ல நாள் பார்ப்பார். நாய் கடித்தவர் யார் வந்தாலும் பேர் என்ன, ஊர் என்ன என்று முதலில் கேட்க மாட்டார். கையைப் பிடித்து நேராகக் குழாயடிக்குக் கூட்டிப் போவார். துணி துவைக்கிற சோப்பை எடுத்துக் காயத்தில் நுரை வரத் தேய்ப்பார், தண்ணீரை ஓடவிடுவார், மறுபடி சோப்பு, மறுபடி தண்ணீர். கால் மணி நேரம் ஆகும். கடித்த இடத்தில் மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு, காப்பித்தூள் என்று என்னென்னவோ அப்பிக்கொண்டு வருவார்கள். அத்தனையும் கரைந்து போகும். நான் செய்கிறேன் என்றால் விட மாட்டார். "பாதி நோயைச் சோப்பே விரட்டிடும் மெகர், இதை யாருகிட்டயும் விடக் கூடாது" என்பார்.

பிறகு ஊசி. இது கடகடவென்று குத்துகிற ஊசி இல்லை. மருந்துக் குப்பியைக் கரைத்துவிட்டால் அது மறுநாளைக்கு ஆகாது, ஒரு குப்பியில் பல பேருக்குப் போட வேண்டும். ஆகவே ஆட்கள் சேர்வதற்குக் காத்திருப்போம். இரண்டு தோளிலும் தோலுக்குள்ளேயே, சதைக்குப் போகாமல், ஊசியைப் படுக்க வைத்து ஏற்ற வேண்டும். சரியாக ஏறினால் துவரம் பருப்பு அளவுக்குத் தோல் எழும்பி நிற்கும். எழும்பவில்லையென்றால் ஆழமாகப் போய்விட்டது, திரும்பப் போட வேண்டியதுதான். ஒரு தடவையோடு முடிகிற கதையும் இல்லை. மூன்றாம் நாள், ஏழாம் நாள், கடைசியாக இருபத்தெட்டாம் நாள் என்று அவர்களாகவே திரும்பத் திரும்ப வர வேண்டும். போலீஸ் வைத்தா கூட்டி வர முடியும்?

பொன்னுசாமி வந்தது ஒரு காலை நேரம். லாரி பாடி கட்டும் பட்டறையில் வண்டிகளுக்குப் பெயர் எழுதும் பெயிண்டர். வலது கை, ஆள்காட்டி விரலோடு சேர்த்து ஆழமான கடி. பட்டறைக்குப் பின்னால் சுற்றிக்கொண்டிருந்த நாய். கூட மகள் நந்தினி வந்திருந்தாள், மருந்தியல் படிக்கும் கல்லூரிப் பெண். சோப்பு, தண்ணீர், முதல் ஊசி எல்லாம் ஆயிற்று. விரல் கடி என்றால் நரம்பு வழியாகக் கிருமி சீக்கிரம் ஏறும் என்பதால் காயத்தைச் சுற்றி இன்னொரு மருந்தும் ஏற்றினோம். அது குதிரை ரத்தத்திலிருந்து எடுப்பது. குதிரையைப் பற்றிப் பிற்பாடுகூட அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை, அதை இங்கே சொல்லிவைக்கிறேன்.

மூன்றாம் நாள் வந்தார். வந்தவர் சட்டைக் கையைச் சுருட்டவில்லை. நெற்றியில் செந்தூரம், கழுத்தில் துளசி மாலை. வருஷா வருஷம் மாலை போட்டு, நாமக்கல் ஆஞ்சநேயருக்கு வடைமாலை சாத்துகிறவர் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"ஏனுங்க சிஸ்டர், என்ற புள்ள அந்த மருந்து அட்டையப் படம் புடிச்சு ஊட்டுல படிச்சுக் காட்டுனா. இது கொரங்கோட கிட்னில செஞ்சதுங்களாமா?"

நந்தினி பாவம், அழுதுவிடுகிறவள் போல நின்றாள். பாடத்தில் படித்ததைப் பெருமையாகச் சொல்லப் போய் மாட்டிக்கொண்டவள். அட்டையில் 'வீரோ செல்' என்று போட்டிருக்கும். பச்சைச் சிறுநீரகம் என்று அர்த்தம் வருகிற ஏதோ வெளிநாட்டுச் சொல்லைச் சுருக்கி வைத்த பெயராம். அது என்னவென்று தேடினால் 'ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கு' என்று வருகிறது. இவ்வளவு வருஷம் அந்த அட்டையைக் கிழித்துக் குப்பையில் போட்ட எனக்கு அது தெரியாது.

"அப்பறம் இன்னொண்ணுங்க. அந்த நாயி நேத்து செத்துக் கெடந்துச்சுங்க" என்றார் பொன்னுசாமி, சாவகாசமாக.

கடித்த நாய் செத்துவிட்டதென்றால் அதற்கு வெறி பிடித்திருந்தது என்றே வைத்துக்கொள்ள வேண்டும். இந்த மனிதர் ஊசி வேண்டாம் என்று போய்விட்டால் அந்தக் கட்டில் ஓரத்தில் சுருண்டவளின் கதிதான். வாயில் வந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன்: "அதெல்லாம் சும்மா பேருங்க. வெண்டைக்காய இங்கிலீஷ்ல பொம்பள வெரல்னு சொல்றாங்க, அதுல வெரலா இருக்கு? அந்த மாதிரி..."

"மெகர்" என்றார் கஸ்தூரியம்மா. அவ்வளவுதான். அவர் குரலை உயர்த்தவே மாட்டார், உயர்த்தாததுதான் பயமாக இருக்கும். அவரே நாற்காலியை இழுத்துப் போட்டுப் பொன்னுசாமிக்கு எதிரே உட்கார்ந்தார்.

"ஆமா. குரங்குதான். கிருமி உயிருள்ள செல்லுலதான் வளரும். அதை வளத்து, கொன்னு, சுத்தம் பண்ணித்தான் தடுப்பூசி ஆக்கறாங்க. ரொம்ப காலத்துக்கு முன்னாடி ஜப்பான்ல ஒரு குரங்கோட சிறுநீரகத்துலேர்ந்து செல் எடுத்துக் கண்ணாடிப் பாத்திரத்துல வளத்தாங்க. அது நிக்காம வளந்துகிட்டே இருக்கு. இன்னைக்கு உலகம் பூரா இருக்கறது அந்த ஒரே குரங்கோட செல்தான்."

"அந்தக் கொரங்கு?"

"கொன்னுதான் எடுத்திருப்பாங்க."

"ஆணுங்களா, பொண்ணுங்களா?"

"பொண்ணு."

பொன்னுசாமி கண்ணை மூடிக்கொண்டார். எனக்குப் பொறுக்கவில்லை. "அண்ணே, அது இன்னும் சாகலைன்னுதானே டாக்டர் சொல்றாங்க? உங்க சாமியும் சிரஞ்சீவிதானே?" என்றேன். எனக்கே அது பிரமாதமான யோசனையாகப் பட்டது.

"சாமிய இதுல இழுக்காதீங்க சிஸ்டர்" என்றார் மெதுவாக. முகத்தில் அறைந்தது போல இருந்தது. முக்காட்டைச் சரி செய்துகொண்டு நகர்ந்து நின்றேன்.

கஸ்தூரியம்மா வேறு வழி சொன்னார். கோழிக் கருவில் செய்கிற தடுப்பூசியும் உண்டு, நடுவில் மாற்றிப் போட்டாலும் தவறில்லை. உடனே போனை எடுத்தேன். நாமக்கல் மருந்துக் கடைகள், ராசிபுரம், சேலம் என்று கூப்பிட்டேன். ஊருக்கெல்லாம் முட்டை அனுப்புகிற ஊரில் கோழி மருந்து இல்லை, எல்லா இடத்திலும் குரங்கு மருந்துதான். ஒரு கடைக்காரர் மட்டும் நாளைக்கு வரவழைக்கிறேன் என்றார். சந்தோஷமாகத் திரும்பிச் சொன்னால் பொன்னுசாமி தலையை ஆட்டினார்.

"இனிமேட்டுக்குக் கோழில போட்டுக்கலாமுங்க. ஆனா மொதல்ல போட்டது உள்ள போயிருச்சுங்களே. அது இல்லைன்னு ஆயிருங்களா?"

ஊசி போட்ட தோளைத் தொட்டுக்கொண்டே அவரே தொடர்ந்தார்.

"எங்கூருல ஒரு கொரங்கு கரண்டுல அடிபட்டுச் செத்தாக்கூடப் பாடை கட்டி, மேளம் வெச்சுத் தூக்குவோமுங்க. கருமாதி பண்ணி மொட்டை போடறவங்க இருக்கறாங்க. நானே போட்டிருக்கறேன். இவ எனக்காவ செத்திருக்கறா. இவளுக்கு யாராச்சும் ஒரு சொட்டுத் தண்ணி வுட்டாங்களா? நாளைக்குக் காலைல மோகனூர் காவேரிக்குப் போயி செய்ய வேண்டியதச் செஞ்சுபோட்டு வாரேன். அப்புறமேட்டுக்கு எந்த ஊசியா இருந்தாலும் போடுங்க, வேண்டாங்கல. ஆனா அவ பேரு வேணுமுங்க. பேரு இல்லாம எப்படிங்க தண்ணி வுடறது?"

"வாய்க்கு வந்த ஒரு பேரைச் சொல்லுங்களேன்" என்று நான் முணுமுணுத்தேன். லட்சுமி, பார்வதி, எதுவாக இருந்தால் என்ன? அவருக்கும் திருப்தி, நமக்கும் ஊசி.

"வண்டிக்கு வாய்க்கு வந்த பேர எழுதுனா ஓனரு ஒத்துக்குவாருங்களா?" என்றார் பொன்னுசாமி.

கஸ்தூரியம்மா யோசித்தார். ஒரு நாள் தள்ளினால் சமாளிக்கலாம், அதற்கு மேல் கூடாது என்றார். "பேரை நான் கண்டுபிடிச்சுச் சொல்றேன். நீங்க நாளைக்கு வந்தே ஆகணும்."

அவர்கள் போனதும் என் எரிச்சலை அவரிடம் கொட்டினேன். செத்த குரங்குக்குப் பேர் தேடுவதா நம் வேலை? ஒரு பொய் சொன்னால் இந்நேரம் ஊசி போட்டு முடிந்திருக்குமே?

"இன்னைக்கு முடிஞ்சிருக்கும். சாயங்காலமே அந்தப் பொண்ணு மறுபடி படிச்சுச் சொல்லும். அப்புறம் ஏழாம் நாளுக்கு வருவாரா?" என்றார்.

மத்தியானம் கால்நடை மருத்துவரான தன் பழைய சிநேகிதரைப் போனில் பிடித்தார். ஸ்பீக்கரில் போட்டு என்னையும் கேட்கச் சொன்னார். அந்த மனிதர் பேச ஆரம்பித்தால் நிறுத்துகிற ஆளில்லை. ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறவர்களுக்கு எல்லாமே ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்குதானாம். காட்டில் போய்ப் பார்த்து எழுதுகிறவர்கள் 'வெர்வெட்' என்பார்களாம். பிரெஞ்சிலிருந்து வந்த பெயர், அதற்குள்ளும் பச்சைதான் ஒளிந்திருக்கிறது என்றார். ஆனால் கறாரான ஆட்கள் வெர்வெட் என்பதை ஆப்பிரிக்காவின் கிழக்கிலும் தெற்கிலும் இருக்கிற குரங்குக்கு மட்டும்தான் கொடுப்பார்கள். எத்தியோப்பியா பக்கத்தில் இருப்பது 'கிரிவெட்'. மேற்கே இருப்பதுதான் அசல் பச்சைக் குரங்கு. பழைய மருத்துவப் புத்தகங்கள் இத்தனையையும் ஒரே எத்தியோப்பியப் பெயரில் போட்டுக் கட்டிவிட்டன. பிற்பாடு அந்தச் செல்லின் மரபணுவைப் படித்துப் பார்த்தபோதுதான் இவள் மேற்குப் பக்கத்துக்காரி என்று தெரிந்ததாம்.

"பச்சைன்னா கிளிப்பச்சையா சார்?" என்று கேட்டேன்.

"இல்லம்மா. மூஞ்சி கறுப்பு. முதுகு மயிர் பழுப்புல லேசாப் பாசி படிஞ்ச மாதிரி இருக்கும். வெயில்ல பாத்தாதான் பச்சை தெரியும்."

கடைசியில் லத்தீன் பெயரைச் சொன்னார். குளோரோசீபஸ் சபேயஸ். முதல் சொல்லுக்குப் பச்சைக் குரங்கு என்று அர்த்தம். இரண்டாவது சொல், சபா நாட்டைச் சேர்ந்தது என்று பொருள்படுமாம். நான் நிமிர்ந்தேன். சின்ன வயதில் குர்ஆன் ஓதப் போன இடத்தில் உஸ்தாது சொல்லிக் கேட்ட நாடு அது, ஒரு ராணி ஆண்ட நாடு. அரபு தேசத்துப் பக்கம் அல்லவா? அங்கே ஏது இந்தக் குரங்கு? கேட்டேன். "பேர் வெச்சவருக்கு ஊர் சரியாத் தெரியல போலம்மா. வெச்ச பேர் நின்னுடுச்சு" என்று சிரித்தார்.

சாயங்காலம் பொன்னுசாமியை நானே கூப்பிட்டேன். அத்தனை பெயரையும், யார் யார் எதை எப்படிச் சொல்கிறார்கள் என்பதையும் விடாமல் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அப்ப குளோரோசீபஸ்ங்கறது அவிய கூட்டமுங்க, சபேயஸ்ங்கறதுதான் பேரு. செரிதானுங்களா?"

கொங்கு நாட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு கூட்டம் உண்டு, அந்த வழியில் வந்தவர்கள் எல்லாம் பங்காளிகள். விலங்கியல்காரர்கள் பாடமாக நடத்துவதை அவர் ஒரு வரியில் முடித்துவிட்டார். ஊர் தப்பாக வைத்த பெயர் என்பதையும் மறைக்காமல் சொன்னேன்.

"அது இருக்கறதுதானுங்க. வண்டி நாமக்கல்லுல ஓடும், பதிவு நாகாலாந்துல இருக்கும். பேரு அவளுக்குன்னு வெச்சதுதானுங்களே, போதும். பொம்பளைங்கறதால சபாயம்மான்னு கூப்புட்டுக்கறனுங்க."

மறுநாள் காலையிலிருந்து என்னால் நிற்க முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. கடி வாங்கியவர்கள் பெஞ்சு நிறைய உட்கார்ந்திருந்தார்கள், எல்லோருக்கும் அவசரம். கஸ்தூரியம்மா குப்பியை உடைக்க வேண்டாம், கொஞ்சம் பொறுப்போம் என்றார். வாசலுக்குப் போய் நெடுஞ்சாலையைப் பார்த்தேன். லாரிக்கு மேல் லாரியாகப் போய்க்கொண்டிருந்தது. போன் போட்டேன், அணைத்து வைத்திருந்தார். மனசு என்னென்னவோ கணக்குப் போட்டது. ஆற்றங்கரையில் யாராவது பெரிய மனுஷன் புத்தி சொல்லி மனதை மாற்றியிருந்தால்? கயிறு கட்டிக்கொள்ளச் சொல்லியிருந்தால்? டாக்டர் மேல் கோபம் கோபமாக வந்தது. பெரிய அரிச்சந்திரன் பரம்பரை! மனுஷன் செத்துப் போனால் இந்த உண்மையை வைத்து என்ன செய்வது? அல்லாவே, அவரைக் கொண்டுவந்து சேர்த்துவிடு என்று வாய்விட்டே சொன்னேன்.

வெயில் ஏறின பிறகு அவருடைய மொபெட் வந்தது. பின்னால் நந்தினி. பொன்னுசாமியின் தலை மழுங்கச் சிரைத்திருந்தது, மீசையும் இல்லை. வேட்டி இன்னும் காயவில்லை. கட்டுப் போட்ட வலது கையை மட்டும் நனையாமல் பாலிதீன் பையில் கட்டிக் காப்பாற்றியிருந்தார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "இவ்வளவு நேரமா?" என்று சத்தம்தான் போட்டேன்.

அவர் என்னைப் பார்க்காமல் பெஞ்சில் இருந்தவர்களைப் பார்த்தார். "இவியளுக்கெல்லாம் அதே ஊசிதானுங்களா?"

"ஆமா."

"உங்களுக்கு?"

"நாய்க்கடி பாக்கற எங்களுக்கும் முன்னாலயே போட்டுக்குவோம்."

"அப்ப எல்லாருமே அவளுக்குப் பங்காளிதானுங்க."

பெஞ்சில் ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. நான் பேச்சை மாற்றிவிட்டு அவரை உள்ளே கூட்டிப் போனேன். கஸ்தூரியம்மா குப்பியை உடைத்து, மருந்தைக் கரைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கோயிலுக்குப் போய் நான் பார்த்ததில்லை. சாமி, பூதம், ராகுகாலம் எதையும் பக்கத்தில் சேர்க்காதவர். குப்பியை என்னிடம் கொடுக்கும்போது குனிந்து, பொன்னுசாமிக்குக் கேட்கக் கூடாது என்பது போலச் சொன்னார்.

"எனக்கும் போட்டிருக்கு மெகர். அடுத்த தடவை தண்ணி விடும்போது என்னையும் சேத்துக்கச் சொல்லு."

பொன்னுசாமிக்குக் காது நன்றாகவே கேட்டிருக்கிறது.

"அவ பேரத் தேடிக் குடுத்த உங்க ரெண்டு பேருக்கும் சேத்துத்தானுங்க முழுக்குப் போட்டேன். உங்க பேரு சொல்லியே" என்று சொல்லிவிட்டு, சட்டைக் கையைச் சுருட்டித் தோளைக் காட்டினார்.